கம்பெனி வருமான வரி ரிட்டர்ன்: ஒரு பவுண்டரி கணக்காளரின் குறிப்புகள்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பவுண்டரியில் 22 வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். பம்ப் பாடி, மோட்டார் கவர் வார்க்கிற சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வவுச்சர் எழுத வந்தவள். ஆனால் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிற எந்தக் காகிதமும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும், நோட்டீஸ் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். செப்டம்பர் பிறந்தால் பக்கத்து யூனிட் பெண்கள் "அக்கா, உங்களுக்கு என்னென்ன கேட்டாங்க?" என்று போன் போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

இது 2025-26 நிதியாண்டுக்கான ரிட்டர்னை மனதில் வைத்து எழுதியது. புதிய வருமான வரிச் சட்டம் 2025, ஏப்ரல் 1, 2026 முதல் நடைமுறைக்கு வந்திருந்தாலும், மார்ச் 31, 2026 வரை சம்பாதித்ததற்குப் பழைய 1961 சட்டம்தான். அதனால் கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் பழையவை.

முதலில் அடிப்படை. கம்பெனி என்றால் ஐடிஆர்-6 என்ற ரிட்டர்ன் படிவம். தர்ம காரியத்துக்கென்று 11-ஆம் பிரிவில் விலக்குக் கேட்கும் கம்பெனிகளுக்கு மட்டும் ஐடிஆர்-7. லாபமோ நஷ்டமோ, வருஷம் முழுக்க ஒரு பில்கூடப் போடாமல் ஷட்டரை இறக்கி வைத்திருந்தாலோ, கம்பெனி ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். "வியாபாரமே இல்லீங்களே, எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று: ரிட்டர்ன் போடாததற்கு வழக்குத் தொடுக்கும் 276சிசி பிரிவில், கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் தனிநபருக்கு விலக்கு உண்டு. கம்பெனிக்கு அந்த விலக்கு கிடையாது.

கடைசித் தேதி அக்டோபர் 31. டாக்ஸ் ஆடிட் (வரிக்கான தணிக்கை) உள்ள கம்பெனி என்றால் அந்த ரிப்போர்ட் அதற்கு ஒரு மாசம் முன்னாலேயே, செப்டம்பர் 30-க்குள் ஏறியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் குழும நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் ரிட்டர்னுக்கு நவம்பர் 30. எங்களுக்கு அது இல்லை.

தேதி நீட்டிப்பு வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. வந்தும் இருக்கிறது: 2022-ல் நவம்பர் 7 வரை, 2024-ல் நவம்பர் 15 வரை, 2025-ல் டிசம்பர் 10 வரை. ஆனால் 2025-ல் அந்த அறிவிப்பு வந்தது அக்டோபர் 29. கெடுவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது! அதுவரை நெஞ்சுக்குள் பவுண்டரி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஆபீஸ் காலண்டரில் ரிட்டர்ன் தேதி என்று நான் வட்டம் போடுவது அக்டோபர் 15-ஐ.

மார்ச் மாதத்திலேயே முடிந்துவிடும் விஷயங்கள்

எவ்வளவு வரி என்பதில் பாதி, மார்ச் 31 ராத்திரியே முடிவாகிவிடும். அக்டோபரில் ஆடிட்டரைக் கெஞ்சி அதை மாற்ற முடியாது.

எங்களைப் போன்ற ஆட்களுக்கு இப்போது பெரிய தலைவலி 43பி(எச்) என்ற பிரிவு. 2023-24 கணக்கிலிருந்து வந்தது. உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ் உள்ள மைக்ரோ, ஸ்மால் உற்பத்தியாளரிடமோ சேவை செய்பவரிடமோ சரக்கோ வேலையோ வாங்கினால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் 45-க்கு மேல் போகக்கூடாது. அந்தக் கெடு தாண்டி, மார்ச் 31 அன்று இன்னும் கொடுக்காமல் நின்றால், அந்தச் செலவு இந்த வருஷ வருமானத்திலிருந்து கழியாது. பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் கழியும். ஜிஎஸ்டி மாதிரி சில பாக்கிகளை ரிட்டர்ன் தேதிக்குள் கட்டினால் போதும் என்ற சலுகை இதற்கு இல்லை.

மார்ச் 2024-ல் நாங்கள் நேராக இதில் மாட்டினோம். எங்களுக்கு மெஷினிங் பண்ணிக் கொடுக்கிற லேத் பட்டறை, இரண்டு தெரு தள்ளி. அந்த அண்ணன் ஜனவரி 28-ல் கொடுத்த பில் உட்பட மொத்தம் 3,75,000 ரூபாய் பாக்கி. ஒப்பந்தம் எதுவும் இல்லை. வருஷக்கணக்காக "பார்ட்டி பணம் வந்ததும் தர்றோமுங்க" என்ற வாய்மொழிதான். பெரியவர், அதாவது எங்கள் நிறுவனர், ஏப்ரல் 6 அன்று மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். "குடுத்தாச்சே, அப்புறம் என்ன?" என்றார். அந்த ஆறு நாளுக்காக 3,75,000 ரூபாயும் லாபத்தில் ஏறி, அதற்கு 94,380 ரூபாய் வரி. அடுத்த வருஷம் அது கழிந்து திரும்பி வந்தது, சரி. ஆனால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பணம் நம் கையில் இல்லை.

இப்போது நான் செய்வது இது. ஏப்ரலில் எல்லா சப்ளையரிடமும் உத்யம் சான்றிதழ் நகல் வாங்கி, டேலி லெட்ஜரில் பெயருக்குப் பக்கத்திலேயே "எம்" என்றோ "எஸ்" என்றோ எழுதிவிடுவேன். வாங்கி விற்கிற டிரேடரும் மீடியம் கம்பெனியும் இதில் வராததால் அவர்களுக்குக் குறி கிடையாது. பிறகு ஒரு பக்க ஒப்பந்தம், 45 நாள் என்று. பிப்ரவரி 10-ஆம் தேதி ஒரு பட்டியல், மார்ச் 20-ல் இன்னொன்று. எங்கள் டைரக்டர் சின்னவர் மேஜையில் வைத்து, "தம்பி, இந்தப் பதினோரு பேருக்கும் 31-க்குள்ள போட்டுருங்க" என்று சொன்னால் வேலை முடிந்தது.

அடுத்தது பிஎஃப், இஎஸ்ஐ. தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பங்கை அடுத்த மாதம் 15-க்குள் கட்டவில்லை என்றால் அது கம்பெனியின் வருமானமாகவே சேர்ந்துவிடும். அக்டோபர் 12, 2022 அன்று உச்ச நீதிமன்றம் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் இதை முடித்துவைத்தது. ரிட்டர்ன் தேதிக்குள் கட்டினேன் என்ற வாதம் எடுபடவில்லை. 43பி(எச்) தொகையாவது மறுவருஷம் கழியும், இது போனால் போனதுதான். 15-ஆம் தேதி சாயங்காலம் பேங்க் தளம் சுற்றிக்கொண்டே இருந்து, 16-ல் பணம் போன ஒரு மாசம் எனக்கும் உண்டு. 42,000 ரூபாய். அன்றிலிருந்து 10-ஆம் தேதிதான் எனக்குக் கெடு.

மற்றவை சுருக்கமாக: ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. லாரிக்காரர் என்றால் 35,000 வரை. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் கழியாது. டைரக்டரிடம் கைமாற்றாக 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதும் தப்பு, திருப்பிக் கொடுப்பதும் தப்பு.

ஜூலையில் ஒத்துப் பார்ப்பது

மே 31-க்குள் எல்லாரும் கடைசிக் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் போட்டுவிடுவதால், ஜூன் பாதிக்கு மேல்தான் 26ஏஎஸ் (நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வரித்துறைப் பட்டியல்) நம்பும்படி இருக்கும். அதற்கு முன்னால் பார்த்தால் வீண் பதற்றம்.

மூன்று தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன்: நம் புத்தகம், 26ஏஎஸ்-ஏஐஎஸ் (ஏஐஎஸ் என்பது நம்மைப் பற்றி வரித்துறையிடம் உள்ள வருடாந்திரத் தகவல் பட்டியல்), ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி-யின் மொத்தம். ஜிஎஸ்டி டர்னோவரும் லாப நஷ்டக் கணக்கில் உள்ள விற்பனையும் அச்சு அசலாக ஒத்துப்போகவே போகாது. போனால்தான் சந்தேகப்பட வேண்டும். ஏன் வித்தியாசம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃபைலில் சொருகுங்கள். ஒரு வருஷம் எங்களுக்கு 1,80,000 வித்தியாசம். தேடித் தேடிப் பார்த்தால், பழைய லேத் ஒன்றை விற்ற பில். ஜிஎஸ்டியில் சப்ளை, நம் கணக்கில் விற்பனை இல்லை, சொத்துக் கணக்கில் கழிந்திருக்கிறது. இரண்டும் சரிதான். அந்தத் தாள் இல்லாமல் மூன்று வருஷம் கழித்து யாராவது கேட்டால் எனக்கே நினைவிருக்காது.

பார்ட்டி பிடித்த டிடிஎஸ் 26ஏஎஸ்-ல் இல்லையென்றால் ஜூலையிலேயே போன் போடுங்கள். அக்டோபரில் அவர்கள் ஆளே அவர்கள் ரிட்டர்னில் மூழ்கியிருப்பார். நம் மார்ச் பில்லை அவர்கள் ஏப்ரலில் பதிந்து, டிடிஎஸ் அடுத்த வருஷத்தில் வருவதும் சகஜம். வருமானம் எந்த வருஷமோ அந்த வருஷத்தில்தான் டிடிஎஸ்ஸையும் கேட்க வேண்டும்.

லாபம் வேறு, வரிக்கான வருமானம் வேறு

இதைத்தான் சின்னவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. எண்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், வடிவம் எங்களுடையதுதான்.

புத்தகத்தில் வரிக்கு முந்தைய லாபம் 18,40,000. அதில் கம்பெனிச் சட்டப்படி கழித்த தேய்மானம் 6,10,000-ஐத் திரும்பக் கூட்டு: 24,50,000. நாள் தவறிய பிஎஃப் 42,000 கூட்டு: 24,92,000. 43பி(எச்) 3,75,000 கூட்டு: 28,67,000. டிடிஎஸ் பிடிக்காமல் விட்ட 2,00,000-க்கு 30 சதவீதம், 60,000 கூட்டு: 29,27,000. இப்போது வருமான வரிச் சட்டப்படியான தேய்மானம் 7,25,000-ஐக் கழி. 22,02,000. இதற்குத்தான் வரி.

"அக்கா, லாபம் பதினெட்டரைகூட இல்ல, வரி மட்டும் எப்படி இருவத்திரண்டு லட்சத்துக்கு?" என்று தம்பி கேட்டது இந்த இடத்தில்தான்.

அந்த தேய்மானம் வேறாக வருவதற்குக் காரணம், வரிச் சட்டத்தில் சொத்துகள் தொகுதி தொகுதியாக ஓடுவது. மெஷினரிக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40, ஃபர்னிச்சருக்கு 10. வாங்கி 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அதில் பாதி. அதனால்தான் மெஷின் பில் தேதியோடு, அது ஓட ஆரம்பித்த தேதியையும் நான் குறித்து வைக்கிறேன். பில் செப்டம்பரில் வந்து, கரண்ட் கனெக்ஷன் நவம்பரில் கிடைத்தால் பாதிதான்.

விகிதத்துக்கு வருவோம். டர்னோவர் 400 கோடிக்குள் உள்ள எங்கள் மாதிரி கம்பெனிக்கு 25 சதவீதம், 4 சதவீத செஸ் சேர்த்து 26. வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் உண்டு. இல்லையென்றால் நாமே தேர்ந்தெடுக்கும் 115பிஏஏ பிரிவு: 22 சதவீதம், அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜ், அதன்மேல் செஸ், ஆக 25.168. மேலே உள்ள 22,02,000-க்கு முதலாவதில் 5,72,520, இரண்டாவதில் 5,54,200. வித்தியாசம் 18,000 சொச்சம். ஆனால் 115பிஏஏ-வில் மேட் என்கிற குறைந்தபட்ச வரித் தொல்லை கிடையாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். உள்ளே போனால் வெளியே வர முடியாது. உற்பத்தியாளருக்குப் புது மெஷினுக்குக் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் அதில் இல்லை. நாங்கள் 60 லட்சத்துக்கு இண்டக்ஷன் ஃபர்னஸ் வாங்கிய வருஷம், அந்த 12 லட்சக் கழிவை எடுத்துக்கொண்டு, மறுவருஷம்தான் மாறினோம். உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

115பிஏஏ-வுக்கு மாறுகிற வருஷம் பார்ம் 10-ஐசி தனியாகப் போட வேண்டும், அதுவும் ரிட்டர்ன் கெடுத் தேதிக்குள். ஐடிஆர்-6-ல் "ஆம்" என்று டிக் அடித்தால் மட்டும் போதாது. இந்த பார்மை ஏகப்பட்ட கம்பெனிகள் விட்டுவிட்டதால், மார்ச் 2022-ல் நேரடி வரி வாரியமே சுற்றறிக்கை போட்டு, 2020-21 மதிப்பீட்டு ஆண்டுக்கு மட்டும் ஜூன் 30 வரை மன்னிப்புக் கொடுத்தது. நான் 10-ஐசியைப் போட்டு, அந்த ரசீது எண்ணைப் பென்சிலால் ஃபைல் அட்டையிலேயே எழுதிவிட்டுத்தான் ரிட்டர்னைத் தொட்டேன். அந்த எண் ஒவ்வொரு வருஷமும் கேட்கும்.

செப்டம்பர்

கம்பெனிச் சட்டப்படியான ஆடிட் எல்லாக் கம்பெனிக்கும் உண்டு. அதற்கு மேல் டாக்ஸ் ஆடிட், டர்னோவர் ஒரு கோடி தாண்டினால். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை தேவையில்லை.

டாக்ஸ் ஆடிட்டின் 3சிடி அறிக்கையை ஆடிட்டர் எழுதுவார், படிக்க வேண்டியது நாம். அதன் பத்தி எண்களில் 20(பி) பிஎஃப் தேதிகள், 22 மைக்ரோ-ஸ்மால் பாக்கி, 34 டிடிஎஸ், 44 ஜிஎஸ்டி வாரியாகச் செலவு. இந்த நாலையாவது வரி வரியாகப் பாருங்கள். ஆடிட்டர் ஆபீசில் அதை டைப் பண்ணுகிற பையன் ஒரே வாரத்தில் நாற்பது கம்பெனிக்கு டைப் பண்ணுகிறான். பிஎஃப் கட்டிய தேதியில் 14 என்பது 19 ஆனால் அது நம் வருமானத்தில் ஏறும்.

ஆடிட்டர் தன் லாகினில் ஏற்றினால் வேலை முடியவில்லை. அது நம் கம்பெனி லாகினில் நிலுவை வேலையாக வந்து நிற்கும். நாம் திறந்து, டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்தோடு ஏற்றுக்கொண்டால்தான் தாக்கலானதாகக் கணக்கு. நாள் தவறினால் அபராதம் டர்னோவரில் அரை சதவீதம் அல்லது ஒன்றரை லட்சம், எது குறைவோ அது.

பணம் கட்டுவது

அட்வான்ஸ் டாக்ஸ் ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100. குறைந்தால் மாசம் ஒரு சதவீத வட்டி. மீதியை ரிட்டர்னுக்கு முன்னால் சுய மதிப்பீட்டு வரியாகக் கட்டி, சலான் விவரம் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சலானில் கம்பெனிக்கு மேஜர் ஹெட் என்ற குறியீடு 0020, மற்றவர்களுக்கு 0021. மைனர் ஹெட் அட்வான்ஸ் என்றால் 100, சுய மதிப்பீடு என்றால் 300.

2026-ல் ஒரு பொறி இருக்கிறது. 2025-26-ல் சம்பாதித்ததற்கு அக்டோபரில் கட்டும் மீதி வரிக்கு "மதிப்பீட்டு ஆண்டு 2026-27". அதே வருஷம் ஜூனில் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸ் புதிய சட்டத்தில் வருவதால், அதற்கு "வரி ஆண்டு 2026-27". எண் ஒன்றேதான், வருஷம் வேறு. சலான் போடும்போது எந்தச் சட்டம் என்று இரண்டு முறை பாருங்கள்.

கையெழுத்து

கம்பெனி ரிட்டர்னுக்கு ஓடிபி செல்லாது. டிஜிட்டல் கையெழுத்து மட்டும்தான். மேனேஜிங் டைரக்டர் போட வேண்டும், அவரால் முடியாத காரணம் இருந்தால் வேறு டைரக்டர் போடலாம்.

ஒரு அக்டோபர் 30. எல்லாம் தயார். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கனைச் சொருகினேன், பின் போட்டேன், "காலாவதி" என்று வந்தது. இரண்டு நாள் முன்னால் முடிந்திருக்கிறது. சின்னவர் ராஜ்கோட்டில் மெஷின் பார்க்கப் போயிருக்கிறார். புது சான்றிதழுக்கு அவர் முகத்தைக் காட்டி வீடியோ எடுக்க வேண்டும். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, பான் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று முறை எடுத்தார். முதல் இரண்டு இருட்டு என்று திரும்பி வந்தது. சான்றிதழ் வந்தாலும் டோக்கனில் இறக்க வேண்டும். அப்புறம் அவருடைய சொந்தப் பான் லாகினில் புதுசாகப் பதிய வேண்டும், அந்தப் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் இல்லை. 31-ஆம் தேதி ராத்திரி 9:40-க்கு ரிட்டர்ன் போனது. நல்லவேளை லாப வருஷம். நஷ்ட வருஷமாக இருந்து நள்ளிரவு தாண்டியிருந்தால், 234எஃப் தாமதக் கட்டணம் போகட்டும், அந்த வியாபார நஷ்டத்தை அடுத்த எட்டு வருஷத்துக்குத் தூக்கிப் போகிற உரிமையே போயிருக்கும்.

இப்போது டோக்கன் டப்பாவின் மேல் காலாவதித் தேதியை ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் ஒருமுறை அதே கம்ப்யூட்டரில் சொருகி, கையெழுத்துப் போடும் எம்சைனர் மென்பொருள் ஓடுகிறதா, கம்பெனி லாகினில் பிரதான தொடர்பாளர் அவர்தானா என்று பார்த்துவிடுவேன்.

அமுக்குவதற்கு முன்னால் கடைசியாக இரண்டு அட்டவணை. எஸ்எச்-1-ல் பங்குதாரர் பட்டியல். பெரியவர் பங்கைச் சின்னவருக்கு மாற்றிய வருஷம், இங்கே பழைய பெயரே இருந்தது, போன வருஷத்துக் கோப்பைக் காப்பி அடித்ததால். ஏஎல்-1-ல் சொத்தும் கடனும். இரண்டையும் ஆடிட்டரிடம் விட்டுவிடாதீர்கள், முதலாவதை நம் மெம்பர் ரிஜிஸ்டரையும் இரண்டாவதை நம் புத்தகத்தையும் வைத்து ஒத்துப் பாருங்கள்.

போட்ட பிறகு பெங்களூரு மையத்திலிருந்து 143(1) அறிவிப்பு வரும். நாம் காட்டியது ஒரு பத்தி, அவர்கள் கணக்கிட்டது இன்னொரு பத்தி. கீழே இருக்கிற தொகையை மட்டும் பார்க்காமல் இரண்டு பத்தியையும் வரிவரியாகப் பாருங்கள். ரிட்டர்னில் குறை இருந்தால் 139(9) நோட்டீஸ் வரும், பதில் சொல்ல 15 நாள்தான். அந்த 15 நாள், நாம் மெயிலைத் திறக்கிற நாளிலிருந்து ஓடாது. எங்கள் புரொஃபைலில் ஆறு வருஷமாக, வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பையனின் மொபைல் எண்ணும் மெயிலும்தான் இருந்தன. இன்றைக்கே கம்பெனி லாகினைத் திறந்து, அங்கே யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.